கேள்வியில் இல்லாத தேனீ

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. வெள்ளைக் கோட்டில் கறை இல்லை. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனேன். மதியம் மதிப்பெண் வந்தது. பூஜ்யம்.

கைபேசியைக் காதோடு ஒட்டிவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அது சலிக்காமல் பூஜ்யம் பூஜ்யம் என்றது. பக்கத்தில் ரேடியோ இருந்தாள். என் தோழி, வாய் ஓயாததால் வகுப்பே வைத்த பெயர். "ஏதாவது தப்பா ஏத்தியிருப்பாங்கடி, எனக்கும் பூஜ்யம்தான்" என்றாள். ஆனால் குரல் வழக்கமான சத்தத்தில் இல்லை.

மூன்று மணிக்கு ஊசி கூப்பிட்டனுப்பினாள். மருந்தாலோசனைப் பாடத்துக்கு அவள்தான் விரிவுரையாளர். சொல்லுக்குச் சொல் குத்துவாள், அதனால் ஊசி. நேரில் மேடம்.

பூஜ்யம் வந்தது, வீட்டில் வைத்து ஒரு வாரத்தில் எழுதிக் கொடுக்கும் தேர்வு. வயதான நோயாளி ஒருவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, மருத்துவர் எழுதிய ஐந்து மருந்துகள். மருந்துக்கடையில் நிற்கும் நீ அவரிடம் என்ன சொல்வாய், மருத்துவரைக் கூப்பிட்டு எதைக் கேட்பாய்? இதற்காக அந்த வாரம் முழுக்க வேறு எதையும் தொடவில்லை.

"இதுல தேனீ எங்கேயிருந்து வந்துச்சு?" என்றாள் ஊசி.

"கேள்வியில இருந்துச்சே மேடம். நோயாளி வீட்டுல தேனீ வளர்க்கிறவர்னு."

"கேள்வியில அப்படி ஒரு வார்த்தையே கிடையாது." கேள்வித்தாளை என் பக்கம் தள்ளினாள். "எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

குனிந்தேன். தாள் தெரிந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கலங்கல். விரலை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தேடுகிற மாதிரி தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

"கம்ப்யூட்டர எழுதச் சொல்லிட்டு, அது என்ன எழுதித் தந்துச்சுன்னுகூடப் படிக்கல. திருடுறதுலயும் ஒரு சோம்பேறித்தனம்" என்றாள். கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

திருடியா நான்? விட மாட்டேன். இவளை விட மாட்டேன்.

மார்ச் 4, புதன்

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், எனக்கே தெளிவாக வேண்டும்.

இரண்டு வருடமாக என் பார்வையின் நடுவில் ஒரு மங்கல். ஓரங்கள் நன்றாகத் தெரியும். நேராகப் பார்க்கும் இடம் மட்டும் இல்லை. நடப்பேன், பேருந்து ஏறுவேன், நடையை, குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்வேன். படிக்க முடியாது. இந்த நாட்குறிப்பையே ஒரு சொல் கைபேசித் திரையை அடைக்கும் அளவுக்குப் பெரிதாக்கித்தான் தட்டுகிறேன். மற்றதையெல்லாம் கைபேசி படித்துக் காட்டும், நான் காதில் வாங்கிக்கொள்வேன். பழகிவிட்டது. இரட்டை வேகத்தில் கேட்பேன்.

அம்மாவின் தம்பிக்கும் இதேதான். மாமா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குப் பார்வை போனபோது அம்மா அழுத அழுகையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டில் சொல்லவில்லை. கல்லூரியிலும் சொல்லவில்லை. மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு எழுத்துத் தெரியாது என்றால் யார் விடுவார்கள்? இரண்டு வருடம் முன்பு ஆய்வுக்கூடப் பயிற்சிக்குச் சேர்க்கும்போது நடந்த கண் சோதனையில் எனக்கு முன்னால் நின்றவள் சத்தமாகப் படித்தாள். அதையே ஒப்பித்துவிட்டு வந்தேன். அப்போது மங்கல் ஆரம்பம்தான். கடைசி வருடத்தில் இவ்வளவு தூரம் வரும் என்று தெரியாது.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அது முடிந்தால் பட்டம். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டேன், அதற்குள் இந்தத் தேனீ.

கேள்வியை மறுபடி போட்டுக் கேட்டேன். 'நோயாளி வீட்டில் தேனீ வளர்ப்பவர் எனக் கொள்ளவும்.' தெளிவாகச் சொல்கிறது. பிறகு அவள் ஏன் இல்லை என்கிறாள்?

மார்ச் 6, வெள்ளி

தெரிந்துவிட்டது.

ரேடியோ என்னைப் படிக்கட்டின் கீழே இழுத்துக்கொண்டு போனாள். "நீயும் கம்ப்யூட்டர்லதானே எழுதின? என்கிட்ட மறைக்காத" என்றாள்.

"இல்லடி."

"அப்ப தேனீ?"

பிறகு சொன்னாள். கேள்விக்கு நடுவில் ஊசி ஒரு வரியை வெள்ளை எழுத்தில் வைத்திருக்கிறாள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, யாருக்கும் தெரியாது. ஆனால் கேள்வியை அப்படியே எடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அது அந்த வரியையும் வாங்கிக்கொண்டு பதிலில் தேனீயை நுழைத்துவிடும். யாருடைய தாளில் தேனீ இருக்கிறதோ அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ரேடியோவும் மாட்டினாள். "நோயாளிக்குத் தேனீப் பெட்டி இருக்குன்னு அது பாட்டுக்கு எழுதிருக்கு, நானும் அது பாட்டுக்குக் குடுத்துட்டேன்" என்று சிரித்தாள்.

ஒப்புக்கொண்டால் மறுபடி எழுதலாம், ஆனால் தேறும் அளவுக்குத்தான் மதிப்பெண். மறுத்தால் விசாரணைக் குழு. அங்கே நிரூபணமானால் ஒரு வருடம் வெளியே.

நான் சிரிக்கவில்லை. கண்ணால் படிக்கிறவனுக்குத் தெரியாத வரி, காதால் படிக்கிற எனக்குக் கேட்டிருக்கிறது. இயந்திரத்துக்கு வைத்த பொறியில் நான் விழுந்திருக்கிறேன். அவள் வைத்த வரி, அவள் கேட்ட தேனீ, அவளுக்கு உண்மையாகப் பதில் சொன்ன ஒரே ஆள் நான். எனக்குத் திருடி என்று பட்டம்!

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். தாடை வலிக்கிறது.

மார்ச் 7, சனி

மாமாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை. சரக்கு ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் தொலைபேசி எடுக்கிற வேலை அவருக்கு. சனிக்கிழமை அரை நாள். அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், என் கைபேசி பேசுவதைக் கேட்டுவிட்டு, "மருமகளே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த போன்ல இருக்கிற பொண்ணு யாருக்காகப் படிக்குது?" என்றார்.

நான் கைபேசியை அணைத்தேன்.

"பாட்டன் வீடு குடுக்கல, நெலம் குடுக்கல. இத மட்டும் மறக்காம குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அழுகையோடு தேனீக் கதையையும் சொன்னேன்.

அவர் சமாதானம் சொல்வார் என்று நினைத்தேன். மாமா அந்த ரகம் இல்லை. "விடாத. அவளச் சும்மா விடாத. என்னைய பழைய ஆபீஸ்ல கையெழுத்து போடச் சொல்லி ஏமாத்துனானே, அவன விட்டுட்டு இன்னிக்கும் வயிறெரியுது" என்றார். "குழுவுக்கு முன்னாடி போ. முதல்ல அவளப் பேச விடு. நல்லா பேசட்டும். வாயக் குடுத்து மாட்டட்டும்."

அதுதான். முதலில் அவள் பேச வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பதாம் தேதி விசாரணை. ஊசி வகுப்பில் என் வரிசைப் பக்கமே திரும்பவில்லை. திரும்பாமலே இரு, இன்னும் கொஞ்ச நாள்தான்.

மார்ச் 12, வியாழன்

இன்று ஆய்வுக்கூடத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பயிற்சி. அங்கே இருக்கிற அலமாரி எனக்கு மனப்பாடம்: எந்தத் தட்டு, எத்தனையாவது பெட்டி, எந்த நிறம். யாரோ அடுக்கை மாற்றியிருக்கிறார்கள். நான் எடுத்தது அதே மருந்து, அதே நிறம், ஆனால் இரண்டு மடங்கு வீரியம். ரேடியோ பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மாற்றி வைத்தாள்.

"தூங்கி வழியிறியாடி?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

இங்கே நோயாளி கிடையாது, வெறும் தட்டு. ஆஸ்பத்திரியில் தட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பான். வீட்டுக்கு வந்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

இதைப் பற்றி இப்போது யோசிக்க மாட்டேன். முதலில் ஊசி.

மார்ச் 16, திங்கள்

ஊசி நடைபாதையில் நிறுத்தினாள். குரல் மெத்தென்று இருந்தது, அதுதான் எரிச்சல்.

"பாரு, ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சுடும். மத்தவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உன் பயிற்சி தள்ளிப்போகாது. எதுக்குப் பிடிவாதம்?"

அவள் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. திருடினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபடி எழுதலாம், பயிற்சிக்குப் போகலாம், பட்டம் வாங்கலாம். கண் விஷயம் யாருக்கும் தெரியாது. குழுவில் என் பக்கம் உண்மை என்று காட்ட வேண்டுமானால் நான் எப்படிப் படிக்கிறேன் என்பதைக் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியாதா? நாலு வருடப் படிப்பு, அம்மாவின் நகை, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் மேஜைக்கு வரும்.

ரேடியோ ஒத்துக்கொள் என்கிறாள். புத்தி ஒத்துக்கொள் என்கிறது.

"நான் திருடல மேடம்" என்றேன்.

"அப்ப உன் இஷ்டம்." செருப்புச் சத்தம் டக்டக்கென்று போனது.

ஒத்துக்கொண்டால் அவள் சாகிறவரைக்கும் சரியாகச் செய்தோம் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். அதை என்னால் தாங்க முடியாது. பட்டம் இல்லாமல் இருந்துவிடுவேன் போலிருக்கிறது, அவள் நிம்மதியாக இருப்பதை மட்டும் பொறுக்க மாட்டேன். இது நல்ல புத்தியா? இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

மார்ச் 18, புதன்

என் விடைத்தாளை முழுதாக மறுபடி கேட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். அதிலும் ஒரு இடத்தில் அவளே கவனிக்காத ஒன்று இருக்கிறது. நாளைக்கு.

மார்ச் 19, வியாழன்

துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றிருந்தார்கள். மாமா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வேலைக்குப் போகிற மாதிரியே அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டு, தெருமுனையில் என்னோடு சேர்ந்துகொண்டார். சலவைச் சட்டை. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வாசனை.

நீளமான மேஜை. துறைத்தலைவர், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுகிறவர். அவருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தலைமை மருந்தாளர் ஒரு அம்மா. சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். எதிரே ஊசி. மாமா எனக்குப் பின்னால் உட்கார்ந்து, "ஊசி எந்தப் பக்கம்?" என்று கிசுகிசுத்தார்.

ஊசி பேசினாள். நன்றாகப் பேசினாள். வரியை ஏன் வைத்தாள், எப்படி வைத்தாள், எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள், எல்லாம். கடைசியில், "அந்த வரி மனுஷங்க கண்ணுக்குத் தெரியாது. அத எந்த மாணவரும் படிச்சிருக்க முடியாது. மெஷினுக்குக் குடுத்தா மட்டும்தான் பதில்ல தேனீ வரும். இதுல வேற விளக்கத்துக்கே இடமில்ல" என்றாள்.

வேற விளக்கத்துக்கே இடமில்ல. மாமா என் முதுகில் ஒரு விரலால் தட்டினார்.

"நான் கண்ணால படிக்கல சார்" என்றேன். நினைத்ததைவிடச் சின்னக் குரல். கைபேசியை மேஜையில் வைத்து, ஊசி அனுப்பிய அதே கோப்பைத் திறந்து, வேகத்தைக் குறைத்துப் படிக்க விட்டேன். அந்த இயந்திரக் குரல் நோயாளியின் வயதைச் சொன்னது, நோய்களைச் சொன்னது, பிறகு எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், 'நோயாளி வீட்டில் தேனீ வளர்ப்பவர் எனக் கொள்ளவும்' என்றது.

மருந்தாளர் அம்மா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

ஊசி சுதாரித்துக்கொண்டாள். "அப்ப மெஷின் உதவிதானே? மெஷின் உதவி வாங்கலன்னு உறுதிமொழி குடுத்திருக்கீங்க."

"படிச்சது மெஷின் மேடம். பதில் எழுதினது நான்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

இதற்குத்தான் காத்திருந்தேன். என் தாளின் நான்காம் பக்கத்தைப் படிக்கும்படி மருந்தாளர் அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். அவர் முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு, "அட!" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கப் படித்தார்.

நான் எழுதியிருந்தது இதுதான். நோயாளிக்கு எழுதியிருக்கும் ரத்த அழுத்த மாத்திரை நெஞ்சுத் துடிப்பை அடக்கும் வகை. தேனீ வளர்ப்பவருக்கு எப்போது வேண்டுமானாலும் கொட்டு விழும். சிலருக்கு அந்தக் கொட்டில் உடம்பு வீங்கி மூச்சு அடைக்கும். அப்போது போடும் அவசர ஊசிமருந்து, இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆகவே மருத்துவரைக் கூப்பிட்டு மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேட்பேன். மருந்து தரும் முன் நோயாளியிடம், இதற்கு முன் கொட்டியபோது என்ன ஆயிற்று என்று கேட்பேன். சர்க்கரை இருப்பதால், வீட்டுத் தேனை எவ்வளவு சாப்பிடுகிறார் என்றும் கேட்பேன்.

"மத்த தாள்கள்ல இது இருக்கா?" என்று கேட்டார் மருந்தாளர் அம்மா.

ஊசி கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள்.

"உங்க மாதிரி விடையில இருக்கா?"

"தேனீ... அது சும்மா போட்டது மேடம். கேள்விக்குச் சம்பந்தமில்லாததா ஒண்ணு வேணும்னு."

"சம்பந்தமில்லாததா?" மருந்தாளர் அம்மா கொஞ்சம் சிரித்தார். "நீங்க அத வச்சதும் கேள்வியே மாறிப்போச்சே. இந்தப் பொண்ணு ஒருத்திதான் உங்க கேள்விக்குப் பதில் எழுதியிருக்கு."

அந்த நொடி. அதற்காகத்தான் இவ்வளவும். ஊசி மூச்சை இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசி தலையைத் தூக்கி, என்னிடம் இல்லை, துறைத்தலைவரிடம் சொன்னாள்: "கேட்டுத்தான் படிக்க முடியும்னா, ஆய்வுக்கூடப் பயிற்சிக்குச் சேர்க்கும்போது கண் சோதனை எப்படித் தேறினாங்க? அடுத்த மாசம் இவங்க வார்டுக்கு மருந்து எடுத்துக் குடுக்கப் போறாங்க. அதையும் குழு கேக்கணும்."

பழிக்குப் பழி. கேட்டுவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

வெளியே வந்ததும் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கிழிச்சுட்ட மருமகளே! அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு? சொல்லு, சொல்லு."

"எனக்கும் தெரியல மாமா."

அவள் முகம் எனக்கு வெறும் மங்கல். நான் இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பழியை, எங்கள் இரண்டு பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. மாமா ரொம்ப நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை, வீட்டுக்கு அழைப்பு வரும்.

அம்மா டயர் கடையில் கணக்கு எழுதுகிறவள். வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, நின்றபடியே கேட்டாள். "எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு..." அவளால் முடிக்க முடியவில்லை. பிறகு மாமா பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியும், இல்ல?" என்றாள்.

"என் தம்பிக்கு அழுததோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்டி" என்றாள். அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்விட்டாள். அடி விழுந்திருந்தால் தேவலை.

மார்ச் 25, புதன்

தீர்ப்பு வந்தது. குற்றம் இல்லை. விடைத்தாளை மருந்தாளர் அம்மாவே திருத்துவார். மறைவரி வைப்பது இனித் துறையில் கூடாது. எழுதித் தரும் தேர்வு எதுவானாலும் பிறகு எழுதியவரை உட்கார வைத்து வாய்மொழியாகக் கேட்க வேண்டும். ஊசி எனக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி நிறுத்தம். கண் மருத்துவரின் முடிவு வரும்வரை ஆய்வுக்கூடத்தில்கூட மருந்தைத் தொடக் கூடாது. இந்த வருடம் பட்டம் இல்லை.

ஊசிக்கு வருத்தக் கடிதம், எனக்கு ஒரு வருடம். யார் ஜெயித்தார்கள்?

ஏப்ரல் 2, வியாழன்

ரேடியோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். முதல் நாள் என்று படம் அனுப்பினாள். படத்தில் என்ன இருக்கிறது என்று கைபேசியைக் கேட்டேன். 'வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் சிரிக்கிறாள்' என்றது. அவள் எனக்குத் துரோகம் எதுவும் செய்யவில்லை. இருந்தும் பதில் அனுப்பவில்லை.

ஊசியின் கடிதம் வந்தது. 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு.' அசௌகரியமாம்! கைபேசி அதையும் ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் படித்தது.

ஏப்ரல் 21, செவ்வாய்

கண் மருத்துவர் இரண்டு மணி நேரம் சோதித்தார். அம்மா கூட வந்து பக்கத்திலேயே நின்றாள். ஓரப் பார்வை நிற்கும், நடு திரும்பாது. தனியாக மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. எழுத்தைப் பெரிதாக்கும் கருவியும், எடுத்ததைச் சரிபார்க்க இன்னொரு ஆளும் இருந்தால் வேலை செய்யலாம் என்று எழுதித் தந்தார்.

"அந்தக் கருவி இல்லாம இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்ச?" என்று கேட்டார். அலமாரி மனப்பாடம் என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். அந்த இரட்டை வீரியப் பெட்டி ஞாபகம் வந்தது. ஊசி குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்டது என்னைக் குத்துவதற்காகத்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். இதை ஒத்துக்கொள்வதற்கே வயிறு எரிகிறது.

மே 11, திங்கள்

துறைத்தலைவர் கூப்பிட்டார். ஜூனில் செய்முறைத் தேர்வு வைக்கலாம், தேறினால் அடுத்த சுற்றில் ஆஸ்பத்திரிப் பயிற்சி. தேர்வில் மருந்துச் சீட்டையும் பெட்டிகளில் இருப்பதையும் படித்துச் சொல்ல ஒரு வாசிப்பவர் தருவார்கள். மருந்துப் பெயர்கள் பிசகாமல் படிக்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். எழுதியிருப்பதை மட்டும் படிக்கலாம், ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

"யாராவது வேணும்னு இருக்கா?" என்றார். "உனக்குச் சௌகரியமான ஆள்."

யோசிக்கவே இல்லை. ஊசியின் பெயரைச் சொன்னேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நல்லா யோசிச்சியா?"

"நல்லா யோசிச்சேன் சார்."

முகம்தான் எனக்குக் கிடைக்கவில்லை. குரல் கிடைக்கும். ஒரு வரியை மறைத்து வைத்தவள் என் முன்னால் நின்று ஒரு வரி விடாமல் படிக்கட்டும். நான் சொல்லும்வரை படிக்கட்டும்.

வெளியே ஊசி நின்றிருந்தாள். செய்தி அதற்குள் போயிருந்தது. "ஏன் என்னைக் கேட்ட?" என்றாள்.

"நீங்க நல்லா படிப்பீங்க மேடம்."

"நான் உன் தாளப் படிக்கல" என்றாள். "தேனீன்னு தேடினேன். இருந்த தாளெல்லாம் ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். ரெண்டு வருஷமா எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்க, ஒரே வார்த்தை, ஒரே முடிவு. படிச்சுப் படிச்சு அலுத்துப்போய், படிக்கிறதையே விட்டுட்டேன். கடிதத்துல இத எழுத விடல."

பாவம் என்று தோன்றியது. உடனே அந்த நினைப்பை அடக்கினேன். படிக்காமலே என்னைத் திருடி என்றாயா? அப்படியானால் இன்னும் அதிகமாகப் படிக்க வைப்பேன்.

ஜூன் 18, வியாழன்

தேர்வு முடிந்தது.

மேஜையின் ஒரு பக்கம் நான், பெரிதாக்கும் கருவியோடு. மறுபக்கம் ஊசி. நடுவில் தேர்வாளர், சளி போய்விட்ட மருந்தாளர் அம்மா. ஊசி மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். பெயர், வீரியம், எண்ணிக்கை, காலாவதித் தேதி.

முதல் பெட்டி எனக்கு நன்றாகவே கேட்டது. "மறுபடி படிங்க மேடம்" என்றேன்.

படித்தாள்.

"இன்னொரு தடவை."

படித்தாள். நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். மருந்தாளர் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டார். என்னவொரு சுகம்! இத்தனை மாதம் கறுவிக்கொண்டிருந்ததெல்லாம் இந்தக் குரலைக் கேட்கத்தான். எல்லாப் பெட்டிகளையும் அப்படியே திருப்பித் திருப்பிப் படிக்க வைத்தேன்.

நான்காவது பெட்டியில், "பின்பக்கம்" என்றேன். அங்கே இருப்பது தேர்வுக்குத் தேவையே இல்லை. ஊசி திருப்பினாள். பொடி எழுத்து போலிருக்கிறது, அவளே கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துக்கொண்டாள். எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு சூட்டுக்கு மேல் போகக் கூடாது, தயாரித்த நிறுவனத்தின் முகவரி, கதவு எண் உட்பட. பெருமூச்சு விடவில்லை. வேகம் கூட்டவில்லை. முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நின்றாள், காற்புள்ளியில் பாதி நின்றாள்.

ஐந்தாவது பெட்டியில் எனக்கு உண்மையாகவே ஒரு எண் தவறிவிட்டது. ஐந்தா, ஐம்பதா? கேட்கத் தயங்கினேன், விளையாட்டு என்று நினைப்பாளோ? நினைத்தால் நினைக்கட்டும். "மறுபடி" என்றேன். முன்பு படித்த அதே மாதிரி, அதே நிதானத்தில் படித்தாள். ஐந்து. நான் எடுத்து வைத்திருந்த பெட்டி தப்பு. மாற்றி வைத்தேன்.

தேறிவிட்டேன். செப்டம்பரில் ஆஸ்பத்திரிப் பயிற்சி, சரிபார்க்க இன்னொரு ஆளோடு. வீட்டில் மாமா, "கடைசியில அவள அழ வச்சியா இல்லையா?" என்றார். "எல்லாத்தையும் மூணு தடவை படிக்க வச்சேன்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. அம்மா எனக்கு முதலில் சாப்பாடு போட்டாள்.

ஆகஸ்டில் கடைசி எழுத்துத் தேர்வு இருக்கிறது. வாசிப்பவரை மாற்ற வேண்டுமா என்று துறைத்தலைவர் கேட்டார். வேண்டாம், அவரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் தீரவில்லை என்று அவர் நினைத்திருப்பார். ஊசியும் அப்படித்தான் நினைப்பாள்.

அவளைப் போல யாரும் படிப்பதில்லை. இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.